டால்பின் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? போனால் என்ன தப்பு?

பாலாற்றங்கரை (குடியாத்தம்):
டிசம்பர் விடுமுறைக்குத் துபாயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். டால்பின் காட்சி பார்க்கவும், தண்ணீரில் இறங்கி அதைத் தொட்டு விளையாடவும் பிள்ளைகளுக்குச் சேர்த்து டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று மாப்பிள்ளை கேட்கிறார். வீட்டில் சொன்னதும் என் மனைவி "அந்தப் பாவத்துக்கு நான் வரமாட்டேன், வேண்டுமானால் நீங்கள் போய் வாருங்கள்" என்று முடித்துவிட்டார். எனக்குப் புரியாதது இதுதான். வருஷா வருஷம் அமிர்திக்குப் போகிறோம், கூண்டில் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டு அருவியில் குளித்துவிட்டு வருகிறோம். வண்டலூர் போகிறோம், அங்கே புலியையும் சிங்கத்தையும் அடைத்துத்தானே வைத்திருக்கிறார்கள்? அப்போதெல்லாம் வராத பாவம் டால்பினுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? "ஐயோ பாவம்" என்று மட்டும் எழுதாமல் காரணத்தோடு எழுதுங்கள், மாப்பிள்ளைக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

சோளிங்கர்_குரங்கு:
அண்ணி முடித்துவிட்டார் என்றால் அப்புறம் எதற்கு அண்ணே விவாதம், இழையைப் பூட்டச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_ரஃபி:
அண்ணே, தாராளமாகக் கூட்டிப் போங்கள். நான் அங்கே வேலை பார்த்தபோது போயிருக்கிறேன். பயிற்சியாளர் கையில் குச்சி கிடையாது, சவுக்கு கிடையாது. ஒரு விசில், ஒரு வாளி மீன், அவ்வளவுதான். நம் ஊரில் மணல் வண்டி இழுக்கிற மாட்டை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தவன் எவனும் டால்பினுக்காகக் கண்ணீர் விட மாட்டான். வேளாவேளைக்குத் தீனி, கூடவே மருத்துவர், சுறா பயம் இல்லை, வலை பயம் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். நம் மாவட்டத்துப் பிள்ளைக்குக் கடலைப் பார்க்கவே 140 கிலோமீட்டர் போக வேண்டும். கண்ணால் பார்க்காத உயிர்மேல் எப்படிப் பாசம் வரும்? பார்த்த பிள்ளைதான் நாளைக்கு அதைக் காப்பாற்று என்று பேசும்.

காட்பாடி_செந்தில்:
ரஃபி பாய், குச்சி இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த வாளி யார் கையில் இருக்கிறது? பசித்தால் போய்ப் பிடித்துத் தின்கிற விலங்கைப் பிடித்து, சொன்னபடி குதித்தால்தான் சாப்பாடு என்று ஆக்கிய பிறகு குச்சி எதற்கு? அது சிரிக்கிறது என்று வேறு சொல்வார்கள். அது தாடையின் அமைப்பு. செத்துக் கரை ஒதுங்கிய டால்பினைப் பாருங்கள், அதற்கும் அதே சிரிப்புதான்.

துபாய்க்கு அவை வந்த கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2007 அக்டோபரில் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சாலமன் தீவுகளிலிருந்து 28 டால்பின்களை விமானத்தில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். அவை கடலில் சுதந்திரமாகத் திரிந்தவை. கூட்டத்தைச் சுற்றி வளைத்து, இளசாகவும் வாட்டசாட்டமாகவும் இருப்பதைப் பிரித்து எடுத்து, ஈரத் துணி போட்டுத் தொட்டிலில் தொங்கவிட்டு ஏற்றுமதி செய்வார்கள். ஜப்பானில் தைஜி என்ற ஊரில் இன்னும் நடக்கிறது. பிடித்ததில் சிலது காட்சிக்கு, மீதி இறைச்சிக்கு. அந்த முறையில் பிடித்ததை இனி வாங்க மாட்டோம் என்று ஜப்பானின் விலங்குக் காட்சிசாலைகள் சங்கமே 2015இல் முடிவு எடுக்க வேண்டி வந்தது, அதுவும் உலகச் சங்கம் அவர்களைத் தள்ளி வைத்த பிறகு.

நம் பக்கத்திலேயே நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. 1998இல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்குள் அத்தனையும் செத்தன. பிறகும் கொச்சி, மும்பைப் பக்கம் என்று பல இடங்களில் திட்டம் போட்டார்கள். 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் எந்த மாநிலமும் டால்பின் காட்சிசாலைக்கு அனுமதி தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்துகூட அதில் வருகிறது. நம் நாட்டில் வேண்டாம் என்று வைத்ததை விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பேன் என்றால் என்ன அர்த்தம்?

பாலாற்றங்கரை:
செந்தில் தம்பி, தடை இருப்பது தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. புலிக்கும் டால்பினுக்கும் என்ன வித்தியாசம்?

ஆரணி_அம்மு:
சார், உங்கள் கேள்வி நியாயமானது, அதை இதுவரை யாரும் தொடவில்லை. கல்லூரியில் விலங்கியல் எடுப்பவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கடல் பாலூட்டி என்பது பெரிய மூட்டை. அதில் டால்பின் இருக்கிறது, ஓர்க்கா (கொலைத் திமிங்கிலம் என்பார்கள்) இருக்கிறது, சீல், கடல் சிங்கம், கடல் நீர்நாய், நம் ஆவுளியா (கடல் பசு), பனிக்கரடிகூட இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. கரையில் படுத்து வெயில் காய்கிற கடல் சிங்கம் கூண்டு வாழ்க்கையைத் தாங்குகிற அளவுக்கு ஓர்க்கா தாங்காது. அதனால் நான் டால்பின், ஓர்க்கா இரண்டையும் மட்டும் பேசுகிறேன்.

வண்டலூர் 600 ஹெக்டேர். அதில் புலிக்குக் கிடைப்பது காட்டில் கிடைப்பதன் ஒரு துளிதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் துளியிலும் மண் இருக்கிறது, மரம் இருக்கிறது, மழை பெய்தால் வாசனை மாறுகிறது, போரடித்தால் புதருக்குப் பின்னால் போய்ப் படுக்கலாம். டால்பின் தொட்டியில் இது எதுவும் கிடையாது. அமெரிக்காவில் சட்டப்படி ஒரு பாட்டில்மூக்கு டால்பினை (காட்சிகளில் இருக்கும் வகை) வைக்கும் தொட்டியின் அகலம் குறைந்தது 24 அடி, ஆழம் 6 அடி இருந்தால் போதும். நம் ஊர்ப்பக்க விவசாயக் கிணறு இதைவிட அகலம், ஆழமோ பத்து மடங்கு! எந்தக் கிணற்றில் நாம் கோடை விடுமுறையில் குதித்து விளையாடினோமோ அதைவிடச் சின்ன இடத்தில், இரண்டரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள, கடலில் ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் நீந்துகிற விலங்கை ஆயுள் முழுக்க வைக்கலாம் என்கிறது சட்டம். பெரிய நிறுவனங்கள் இதைவிடப் பெரிதாகக் கட்டுகின்றன, உண்மை. ஆனால் ஓர்க்கா ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. அதற்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவீர்கள்?

இரண்டாவது, ஒலி. டால்பின் கண்ணைவிடக் காதை நம்பி வாழ்வது. தானே ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து மணலுக்குள் புதைந்த மீனைக்கூடக் கண்டுபிடிக்கும். அதைக் கான்கிரீட் சுவருக்குள் விட்டால் அங்கே தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர், அதோடு பம்பு சத்தம், பாட்டுச் சத்தம், கைதட்டல்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: குடும்பம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் மீன் தின்று வாழும் ஓர்க்காக்களில் மகனும் சரி மகளும் சரி தாயை விட்டுப் பிரிவதே இல்லை. பாட்டி முன்னால் போக மொத்தக் குடும்பமும் பின்னால் போகும், சால்மன் மீன் எங்கே கிடைக்கும் என்பது கிழவிக்குத்தான் தெரியும். புலி தனியாகத் திரிகிற விலங்கு, தனியாக அடைத்தால் ஒரு கஷ்டத்தோடு நிற்கிறது. இவற்றை நாலு கடலிலிருந்து நாலு குட்டியைப் பிடித்துவந்து ஒரே தொட்டியில் போட்டு இதுதான் உன் குடும்பம் என்கிறார்கள். ஒன்றை ஒன்று கடித்துக் கிழித்துக்கொண்டால் ஒதுங்கிப் போகவும் இடமில்லை.

சோளிங்கர்_குரங்கு:
கூட்டுக் குடும்பத்தில் இருந்து வந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரி புரியும்.

காட்பாடி_செந்தில்:
அம்மு அக்கா சொன்னதற்குப் பெயரோடு ஒரு உதாரணம், திலிகும் என்ற ஆண் ஓர்க்கா. 1983இல் ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் பிடித்தபோது அதற்கு இரண்டு வயது போல. கனடாவில் ஒரு சின்னப் பூங்காவில் வைத்தார்கள், ராத்திரியானால் மூன்று ஓர்க்காக்களையும் இருட்டான இரும்புப் பெட்டிக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். மற்ற இரண்டும் பெட்டை, இதைக் கடித்துக் குதறும். 1991இல் தவறி விழுந்த பயிற்சியாளரை மூன்றும் சேர்ந்து மூழ்கடித்தன. பிறகு பூங்காவை மூடினார்கள், ஆனால் திலிகுமை அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அங்கே 1999இல் ஒருவர், 2010இல் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் என்று மேலும் இரண்டு உயிர் போனது. 2017 ஜனவரியில் அதுவும் செத்தது. திறந்த கடலில் ஓர்க்கா ஒரு மனிதனைக் கொன்றதாக இன்றுவரை ஒரு பதிவுகூட இல்லை. ஆக கொலைகாரன் யார்?

கால்நடை_டாக்டர் (வேலூர்):
செந்தில், கொலைகாரன் பட்டம் கொடுத்துப் பேசினால் எதிரில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நான் அன்றாடம் பார்ப்பது மாடு, ஆடு, நாய். ஆனால் படிக்கிற காலத்திலிருந்தே இந்த விஷயத்தில் ஆர்வம் உண்டு.

வேளாவேளைக்குத் தீனி என்று ரஃபி எழுதியிருந்தார். அந்தத் தீனி உறைய வைத்த மீன். டால்பின் கடல் தண்ணீரைக் குடித்துத் தாகம் தணிக்கிற பிராணி இல்லை, தின்கிற மீனிலிருந்துதான் அதற்கு நீர்ச்சத்து. உறைந்து உருகிய மீனில் அந்த நீர் கொஞ்சம் போய்விடும். அதை ஈடுகட்ட ஜெலட்டின் கட்டிகளை வாயில் போடுகிறார்கள், சில சமயம் குழாய் வழியாகத் தண்ணீரே செலுத்துகிறார்கள். சேமித்த மீனில் வைட்டமின் பி1 அழிந்துவிடுவதால் தினம் மாத்திரை வேறு, மீனின் செவுளுக்குள் செருகித் தருவது. இது கொடுமை என்று நான் சொல்லவில்லை, திறமையான பராமரிப்புதான். ஆனால் நல்லாயிருக்கிறது என்று நாம் பார்க்கிற விலங்கு இத்தனை முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அப்புறம் பல். ஒரே நிறுவனத்திடம் இருந்த 29 ஓர்க்காக்களின் பற்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள், அத்தனைக்கும் ஏதோ ஒரு பல் சேதம் இருந்தது. காரணம், தொட்டியின் சிமெண்டு விளிம்பையும் இரும்புக் கதவையும் கடித்துக்கொண்டே இருப்பது. பல் உடைந்தால் உள்ளே துளை போட்டுத் தினமும் கழுவ வேண்டும். மாடு முளைக்குச்சியை நக்கிக்கொண்டே இருந்தால் நமக்கு என்ன தோன்றும்? சலிப்பு அல்லது சத்துக் குறைவு என்று உடனே சொல்வோம். அதே பார்வையை இங்கேயும் வையுங்கள். நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகளை ஓர்க்காவுக்குக் கொடுத்ததும் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியே வந்த செய்திதான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில்மூக்கு டால்பின் விஷயத்தில், அமெரிக்காவில் நன்றாக நடத்தப்படும் இடங்களில் அவை கடலில் இருப்பதற்குக் குறையாமல் உயிர் வாழ்கின்றன என்று சமீப ஆய்வுகள் காட்டுகின்றன. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பு அப்படி இல்லை. ஆக, டால்பின் தொட்டியில் உடனே செத்துவிடும் என்ற வாதத்தை நம்பி நிற்காதீர்கள், மாப்பிள்ளை ஒரே தேடலில் உங்களை மடக்கிவிடுவார். எவ்வளவு நாள் என்பதைவிட எப்படி என்பதுதான் கேள்வி.

ஆம்பூர்_ரஃபி:
டாக்டர் சார் நியாயமாக எழுதியிருக்கிறார், நன்றி. அப்படியானால் நானும் ஒன்று கேட்கிறேன். டால்பின் எதிரொலியால் பார்க்கிறது என்று அம்மு அக்கா சொன்னாரே, அது எப்படித் தெரிந்தது? தொட்டியில் இருந்த டால்பினின் கண்ணை மூடிப் பார்த்துத்தான். கண்ணாடியில் தன்னைத் தானே அடையாளம் தெரிந்துகொள்கிறது என்று 2001இல் நிரூபித்ததும் நியூயார்க் அக்வாரியத்தில் இருந்த டால்பின்களை வைத்துத்தான். அது அறிவாளி என்று நமக்குச் சொன்னதே தொட்டி. அந்த அறிவை எடுத்துக்கொண்டு தொட்டியைத் திட்டுவது என்ன கணக்கு?

ஆரணி_அம்மு:
நல்ல கேள்வி ரஃபி. அந்தக் கண்ணாடி ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் லோரி மரினோ. அவர் என்ன செய்தார் தெரியுமா? அதற்குப் பிறகு அடைபட்ட விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்வதையே விட்டுவிட்டார். இப்போது தொட்டியில் இருப்பவற்றுக்காகக் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் சரணாலயம் அமைக்க வேலை செய்கிறார். தன்னை அறிகிற விலங்கு என்று தெரிந்த பிறகும் அதே தொட்டியில் வைத்து அடுத்த ஆய்வைத் தொடங்க அவருக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு மறக்காது. ஒவ்வொரு டால்பினுக்கும் தனி விசில் உண்டு, பெயர் மாதிரி. முன்பு ஒன்றாக இருந்து பிரிக்கப்பட்டவற்றின் விசிலைப் பதிவு செய்து ஒலிபரப்பினால், 20 வருஷம் கழித்தும் தெரிந்த குரல் என்று ஒலிபெருக்கியை நோக்கி வருகின்றன. 2013இல் வந்த ஆய்வு. இதை எப்படிச் செய்ய முடிந்தது என்று யோசியுங்கள். இனப்பெருக்கத்துக்காக டால்பின்களை ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்ததால், யார் யாரோடு எப்போது இருந்தார்கள் என்ற பதிவேடு கையில் இருந்தது! பிரித்ததால்தான் பிரிவை மறக்காது என்று தெரிந்தது. நீங்கள் சொல்கிற அறிவு இப்படித்தான் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். வந்தாகிவிட்டது. இனி நாள் ஒன்றுக்கு நாலு காட்சி நடத்துவதால் என்ன புதிதாகத் தெரியப்போகிறது?

ஆற்காடு_பிரியாணி:
இவ்வளவு பேசுகிறீர்களே, திருவண்ணாமலையில் ருக்கு 2018இல் செத்தபோது ஊரே அழுதது, யானையைக் கோவிலில் கட்டி வைத்தது தப்பு என்று எத்தனை பேர் சொன்னோம்? தை மாதம் வந்தால் கே.வி.குப்பம், அணைக்கட்டு என்று மாடு விடும் விழாவுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இங்கே பாதி பேர். வெள்ளைக்காரன் டால்பினுக்கு அழுதால் நாமும் அழ வேண்டும்.

காட்பாடி_செந்தில்:
மாடு விடுவது நம் பாரம்பரியம், அதையும் சர்க்கஸையும் ஒன்றாக்காதே. வீட்டில் பிள்ளை மாதிரி வளர்த்து

இழைக் காவலர்:
மாடு விடும் விழாவுக்கு ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இதற்கு வந்த 14 பதிவுகளை அங்கே நகர்த்தியாகிவிட்டது. இங்கே கடல்.

கால்நடை_டாக்டர் (வேலூர்):
நகர்த்தியது சரிதான், ஆனால் பிரியாணி கேட்டதில் யானை பற்றிய பாதி இங்கேயே இருக்க வேண்டியது. யானையும் தாய்வழிக் குடும்பம், நெடுந்தூரம் நடக்கிற விலங்கு, ஞாபகசக்தி உள்ளது. அம்மு சொன்ன மூன்று காரணங்களும் கோவில் வாசலில் சங்கிலியில் நிற்கும் யானைக்கு அப்படியே பொருந்தும். ஒன்றைத் தப்பு என்றால் இன்னொன்றையும் தப்பு என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கு அதில் தயக்கம் இல்லை.

மணப்பாட்டான் (இப்போது ராணிப்பேட்டை சிப்காட்):
கடல் என்றதும் வந்தேன். பார்க்காத உயிர்மேல் பாசம் வராது என்று ரஃபி பாய் எழுதினார். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம், கடற்கரை. 2016 ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சின்னத் திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாகக் கரை ஏறின, 80க்கு மேல். எங்கள் ஆட்கள் ராத்திரி முழுக்கப் படகில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். விட்டதில் பாதி திரும்பவும் கரைக்கே வந்தன. ஒன்று கரையில் கிடந்தால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை. 40க்கு மேல் செத்தன, கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தோம். 1973லும் இதே ஜனவரியில் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது, பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ராத்திரி தண்ணீரில் இறங்கிய யாரும் டிக்கெட் வாங்கிக் காட்சி பார்த்தவர்கள் இல்லை.

ஆம்பூர்_ரஃபி:
அண்ணே, உங்களுக்குக் கடல் வாசலில் இருக்கிறது. எங்களுக்கு வாசலில் இருப்பது தோல் ஷாப்பும் பாலாற்று மணலும். உங்களை வைத்து எங்களுக்கு அளவு போடக் கூடாது.

பாலாற்றங்கரை:
ரஃபி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இன்னொரு சந்தேகம். அழிந்துபோகிற இனம் என்றால்? வடநெம்மேலி முதலைப் பண்ணையை 1976இல் ஆரம்பித்ததே முதலை இனம் அழியாமல் இருக்கத்தான், அடைத்து வைத்துத்தானே பெருக்கினார்கள். கடல் பாலூட்டிக்கு அப்படிச் செய்யக் கூடாதா?

ஆரணி_அம்மு:
செய்யலாம் சார், செய்திருக்கிறார்கள், சிலது கைகூடியது, சிலது பெரிய துயரத்தில் முடிந்தது. இந்த இடத்தில்தான் என் அளவுகோலும் இருக்கிறது: அந்த விலங்கு அங்கே யாருக்காக இருக்கிறது? தனக்காகவா, தன் இனத்துக்காகவா, டிக்கெட் வாங்கியவருக்காகவா?

கைகூடியதைச் சொல்கிறேன். கலிபோர்னியா கடல் நீர்நாயை ரோமத்துக்காக வேட்டையாடியே தீர்த்திருந்தார்கள். மான்டரே அக்வாரியத்தில், காட்டுக்குத் திரும்ப முடியாத பெட்டை நீர்நாய்களிடம் அநாதைக் குட்டிகளை வளர்க்கக் கொடுக்கிறார்கள். பயிற்சியாளர் முகத்தை மறைத்துக் கறுப்பு உடை போட்டுத்தான் பக்கத்திலேயே போவார், மனிதன்மேல் குட்டிக்குப் பாசம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. தொட்டு விளையாட டிக்கெட் விற்பதற்கு நேர் எதிர். அப்படி வளர்ந்து வெளியே போனவையும் அவற்றின் வாரிசுகளும்தான் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் பெருகிய நீர்நாய்களில் பாதிக்கு மேல். சீனாவில் யாங்சி ஆற்றின் துடுப்பிலாக் கடற்பன்றியை (டால்பினுக்குச் சொந்தமான சின்னப் பாலூட்டி), ஆற்றிலிருந்து பிரிந்து நின்ற பழைய வளைவு ஒன்றில் 1990களிலிருந்து விட்டு வளர்க்கிறார்கள். சுவர் கிடையாது, காட்சி கிடையாது, தானே மீன் பிடித்துத் தின்கிறது. அங்கே நூறைத் தாண்டிவிட்டது.

கைகூடாதது பைஜி. அதே யாங்சி ஆற்று டால்பின். சி சி என்ற ஆண் டால்பினை 1980இலிருந்து 2002 வரை வூஹானில் 22 வருஷம் வைத்திருந்தார்கள். குட்டி பிறக்கவே இல்லை. 2006இல் ஆறு முழுக்கத் தேடியபோது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மெக்சிகோவின் வாக்கிடா என்ற சின்னக் கடற்பன்றியின் கதை இன்னும் மோசம். உலகத்திலேயே 30 போல மிச்சம் இருந்தபோது, 2017இல் எப்படியாவது காப்பாற்றலாம் என்று பிடித்தார்கள். முதலில் பிடித்த இளசு பதறியதால் உடனே விட்டுவிட்டார்கள், அடுத்துப் பிடித்த பெட்டை சில மணி நேரத்தில் இதயம் நின்று செத்துப்போனது. திட்டத்தையே நிறுத்தினார்கள். பிடித்தவர்கள் எல்லாரும் அதை நேசித்தவர்கள், உலகத்தின் முதல்தர நிபுணர்கள். நல்ல எண்ணம் இருந்தால் எந்த இனத்தையும் தொட்டிக்குப் பழக்கலாம் என்று நினைப்பவர்கள் வாக்கிடாவைப் படிக்க வேண்டும்.

டால்பின் காட்சியில் இருக்கும் பாட்டில்மூக்கு டால்பினோ அழிவின் விளிம்பில் இருக்கும் இனமே இல்லை. அங்கே பிறக்கும் குட்டி எதுவும் கடலுக்குப் போகப் போவதும் இல்லை. காப்பாற்றுகிறோம் என்ற பலகையை அந்த வாசலில் மாட்டக் கூடாது.

சோளிங்கர்_குரங்கு:
சரி அக்கா, இருக்கிறதை எல்லாம் கதவைத் திறந்து விட்டுவிடலாமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கால்நடை_டாக்டர் (வேலூர்):
கிண்டலாகக் கேட்டாலும் சரியான இடத்தில் கேட்டாய் தம்பி. விடுதலை செய் என்று கோஷம் போடுகிறவர்கள் அடுத்த வரியை எழுதுவதில்லை. கெய்கோ என்ற ஓர்க்கா மெக்சிகோ நகரத்துத் தொட்டியில் நோயோடு கிடந்தது. 1996இல் அமெரிக்காவுக்கு, 1998இல் அது பிறந்த ஐஸ்லாந்துக் கடலுக்கு, பல கோடி டாலர் செலவில். 2002இல் கடல் தாண்டி நார்வேக்குத் தானே நீந்திப் போனது. போய் என்ன செய்தது? மனிதர்களைத் தேடிப் போய்ப் படகுக்குப் பக்கத்தில் நின்றது. எந்த ஓர்க்காக் கூட்டத்தோடும் சேரவில்லை. 2003 டிசம்பரில் நிமோனியாவில் செத்தது. சிலர் இதைத் தோல்வி என்பார்கள், ஐந்து வருஷமாவது கடலில் இருந்ததே என்பார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி, ஆனால் மற்றவற்றுக்கு இதை முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன்.

கொரியாவில் ஜெடோல் என்ற டால்பினும் கூட இரண்டும் 2013இல் ஜெஜு தீவுக் கடலில் விடப்பட்டன. அவை தங்கள் பழைய கூட்டத்தோடு சேர்ந்துவிட்டன, பெட்டை குட்டியும் போட்டது. வித்தியாசம் என்னவென்றால் அவை அதே கடலில் பிடிபட்டவை, பிடிபட்டும் அதிக வருஷம் ஆகவில்லை, கூட்டம் அங்கேயே இருந்தது. தொட்டியிலேயே பிறந்து, உயிருள்ள மீனைத் துரத்தியே பார்க்காத விலங்கை அப்படி விட்டால் அது பட்டினிச் சாவு.

நடுவழி ஒன்று, கடலோர விரிகுடாவை வலை போட்டு மறித்து அதில் வைப்பது. 2019இல் ஷாங்காயிலிருந்து இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களை ஐஸ்லாந்துக்கு அப்படிக் கொண்டுபோனார்கள், அவையே விரிகுடாவுக்குப் பழகச் சிரமப்பட்டு உள்தொட்டிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மயாமியில் 1970இலிருந்து அடைபட்டிருந்த டோக்கி என்ற ஓர்க்காவைப் பிறந்த கடலுக்கே அனுப்பலாம் என்று 2023இல் அறிவித்தார்கள், அதே ஆகஸ்டில் அது தொட்டியிலேயே செத்தது. பிரான்சில் காட்சிகளைத் தடுக்கும் சட்டம் வந்து, ஆன்டீப் ஊர்ப் பூங்கா 2025 ஜனவரியில் மூடியது. மூடிய பிறகும் ஓர்க்காக்களை எங்கே அனுப்புவது என்ற இழுபறி ஓய்ந்தபாடில்லை, வாங்கியவன் போன பிறகு சாப்பாட்டுச் செலவு யாருடையது? அதனால்தான் முதலில் செய்ய வேண்டியது இனப்பெருக்கத்தை நிறுத்துவது. அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஓர்க்கா விஷயத்தில் 2016இல் அதைச் செய்தது. கனடா 2019இல் சட்டமாகவே போட்டது. இருப்பதை ஆயுள் முழுக்க நல்லபடி பார்த்துக்கொள்ளலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கூடாது. நான் இவ்வளவுக்குத்தான் வருவேன்.

பாலாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், டால்பின் வேண்டாம், பாலைவனத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று. வாதம் எல்லாம் கேட்டுவிட்டு "அக்காதான் முதலிலேயே எனக்கு போன் பண்ணிவிட்டார்களே மச்சான்" என்றார்.

சோளிங்கர்_குரங்கு:
முதல் பதிலிலேயே சொன்னேன்.

மணப்பாட்டான் (இப்போது ராணிப்பேட்டை சிப்காட்):
ஒன்று மட்டும் உறுத்துகிறது. தொட்டியில் இருப்பது உலகம் முழுக்கச் சேர்த்தால் சில ஆயிரம். வலையில் மாட்டிச் சாகிற டால்பினும் திமிங்கிலமும் ஆண்டுக்கு 3 லட்சம் என்று கணக்கு. அதைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி இல்லை. எங்கள் ஆட்கள் வேண்டுமென்று பிடிப்பதில்லை, செவுள் வலை கண்ணுக்குத் தெரியாது, மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துவிடும். வலையை அறுத்து விட்டால் ஆயிரக்கணக்கில் நஷ்டம்.

ஆரணி_அம்மு:
அண்ணா, நியாயம். தொட்டியைப் பற்றிக் கோபப்படுவது சுலபம், நம் தட்டில் இருக்கிற மீன் எந்த வலையில் வந்தது என்று கேட்பது கஷ்டம். நம் அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில். வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களை வனத்துறை அழைத்துப் பரிசுத்தொகை கொடுத்துப் பாராட்டுகிறது. அது போதுமா, வலைக்கு முழு விலையும் கிடைக்க வேண்டாமா என்பது உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டியது. 1960களில் மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆவுளியாவைத் தொட்டியில் வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இன்று அதே கரையில் கடலுக்கடியில் இருக்கும் புல்வெளியைக் காப்பாற்றினால் அது தானே மேய்ந்துகொள்ளும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

ஆம்பூர்_ரஃபி:
அப்படியானால் எங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனால் ஆவுளியாவைப் பார்க்க முடியுமா?

மணப்பாட்டான் (இப்போது ராணிப்பேட்டை சிப்காட்):
ஆவுளியா சந்தேகம்தான் பாய், கூச்ச சுபாவம், படகுச் சத்தம் கேட்டாலே போய்விடும். நாங்களே வாழ்நாளில் எண்ணிப் பார்த்ததுதான். ஓங்கில் (டால்பினை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேண்டுமானால், காற்று இல்லாத காலையில் எங்கள் பக்கம் கரையிலிருந்தே முதுகு தெரியும். உறுதி எல்லாம் தர மாட்டேன். வருவதானால் ஆடி மாதம் வேண்டாம், கடல் கொந்தளிப்பாக இருக்கும்.